நெல்டா எழுதிய நான்கு

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் நெல்டா க்ரூபர் எண் எழுதுவாள். அதனால் அவள் கீழுதட்டில் எப்போதும் ஒரு கரிக்கோடு இருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால், "உதட்டுச்சாயம் எதுக்கு எனக்கு? இது போதும்" என்பாள்.

வயது முப்பத்தொன்பது, ஊர் ஒக்லஹோமா. ஆண்டில் எட்டு மாதம் காரிலேயே குடித்தனம். அது 1952. பெண்கள் கோல்ஃபைத் தொழிலாக ஆடத் தொடங்கிய புதிது. குழி வெட்டுவது, எல்லைக்கு முளை அடிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் ஆட்டக்காரிகளேதான். மாப்பிள்ளையே மேளமும் அடிக்கிற கல்யாணம் என்று வையுங்கள்.

விதிக்குழுவில் நெல்டாவும் உண்டு. அடி குறையக் குறைய வெற்றி என்கிற ஆட்டத்தில், அடிகளைக் குறைத்து எழுதிய கணக்கட்டையில் கையெழுத்திட்டால் மன்னிப்பே கிடையாது. சென்ற ஆண்டு ஒரு சின்னப் பெண் அப்படியோர் அட்டையைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டாள். "போட்டா போட்டதுதான் கண்ணு, அழுது பிரயோஜனம் இல்ல" என்று அவளைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டு, காப்பியும் வாங்கிக் கொடுத்தவள் நெல்டா.

ஏழு முறை இரண்டாம் இடம். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

விச்சிட்டாவில் அன்று சாம்பியன் போட்டியின் கடைசிச் சுற்று. கூட ஆடியவள் ஓபல் டக்கெட். இருவருக்கும் ஒரே கார், ஒரே அறை. ஒருத்தி அடிகளை மற்றவள் எழுத வேண்டும் என்பது வழக்கம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. பதினாலாவது குழியில் ஓபல் மட்டையை வைத்ததுமே பந்து இம்மி நகர்ந்தது. விதிப்படி அதற்கு ஓரடி தண்டம்; ஆனால் பார்த்தவர் யாருமில்லை.

"நெல்டா, அசைஞ்சுடுச்சு! ஒண்ணு சேத்துக்கோ!" என்று அவளே கத்தினாள். மணலில் புதைந்த தன் பந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நெல்டா கையை மட்டும் உயர்த்தினாள்.

அந்தத் தண்டத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் நெல்டாவை ஓரடி வித்தியாசத்தில் ஓபல் ஜெயித்தாள். கூடாரத்து மேசையில் அட்டைகள் கைமாறின. ஓபல் பேனாவைத் திறந்தாள். எதிரிலிருந்து நெல்டா அந்த அட்டையைத் தலைகீழாகப் பார்த்தாள். பதினாலாவது கட்டத்தில், அவளே எழுதிய எண், நான்கு. ஐந்து இருக்க வேண்டும். சேர்க்க மறந்திருந்தாள்.

வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் ஓபல் கையெழுத்திட்டால் ஓபல் வெளியே, கோப்பை நெல்டாவுக்கு. பிறகு உண்மையைச் சொன்னாலும் விதி அதை மாற்றாது.

"ஒரு தடவை சரிபாத்துக்கோடி" என்றாள் நெல்டா.

"நீ எழுதினதை என்னிக்குடி பாத்திருக்கேன்? தொண்டை காயுது, சீக்கிரம் முடிச்சுட்டு வா, ஒரு பீர் அடிப்போம்."

சொல்லியாயிற்று, இனி என் மேல் பழியில்லை என்று மனசு ஒரு நொடி வக்கீல் பேசியது. பேனா இறங்கியது. நெல்டா உள்ளங்கையை விரித்துக் கையெழுத்துக் கோட்டின் மேல் அறைந்து வைத்தாள். ஓபலால் பேனாவை நிறுத்த முடியவில்லை. அவள் பெயரின் வட்டமான முதல் எழுத்து, நெல்டாவின் புறங்கையில் ஈரமாக விழுந்தது.