பன்னிரண்டாயிரம் நாள் சேர்த்தவர்

காபி ஊற்றுவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார் யோரான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியை மூக்குக்கு அருகே கொண்டுபோய், "பன்னெண்டாயிரத்து எழுபத்திரண்டு!" என்று அறிவிப்பார். பிறகு எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். "நேத்து எவ்வளவு தெரியுமா? எழுபத்தொண்ணு." ஒரு பொழுது போனால் ஒரு நாள் கூடும் என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டது போல அப்படியொரு பெருமை. அதற்குப் பிறகுதான் இலவங்கப்பட்டை போட்ட பன்னைக் கையில் எடுப்பார்.

அந்த எண், ஸ்டாக்ஹோமின் வாடகை வீட்டு வரிசையில் அவர் காத்திருக்கும் நாட்கள். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாருக்கு நாள் அதிகமோ அவருக்குத்தான் வீடு. வீட்டை எடுத்துக்கொண்டால் சேர்த்த நாள் அத்தனையும் தீர்ந்துபோகும், பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். இருபத்தெட்டு வயதில், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் படிப்புக்காக அங்கே தங்கியிருந்தபோது, கூடப் படித்தவர்கள் பதிகிறார்களே என்று இவரும் பதிந்தார். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது அறுபத்தொன்று ஆகிறது. முப்பத்து மூன்று வருடமாக எங்கள் ஊரான ஓரெப்ரூவில் உட்கார்ந்தபடியே ஸ்டாக்ஹோமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஒரே டிரைவிங் ஸ்கூலில் நானும் அவரும் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறோம். வண்டிக்குள் அவர் வேறு ஆள். ரவுண்டானாவில் ஒரு நொடி தயங்கினால் போதும், பக்கத்து இருக்கையிலிருந்து குரல் பிளக்கும். "போறதுன்னா போ, நிக்கறதுன்னா நில்லு! பாதியில நின்னு ஊரையே குழப்பாத! பின்னாடி வர்றவன் உன் மனசுக்குள்ள எட்டிப் பாப்பானா?" மாணவர்கள் கண்ணீரோடு இறங்கி வருவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பேன். வேறென்ன செய்ய?

"நான்தான் கிளம்பப் போறேனே" என்பது அவருக்குச் சகல காரியத்துக்கும் உதவும் வாக்கியம். வரவேற்பறைக்கு வாங்கிய சுவர்க் காகிதம் சுருள் பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய்விடுகிறவர் எதற்காகச் சுவர் ஒட்ட வேண்டும்? வசந்தத்தில் குடியிருப்பு முழுவதும் துடைப்பமும் கையுமாக முற்றத்தைப் பெருக்கும் நாளில், ஐயா மாடியிலிருந்து கை அசைப்பார். "நானா? நான் இங்க எத்தன நாளைக்கு இருக்கப் போறேன்? நீங்க நடத்துங்க!" பெருக்கி முடித்தவர்களுக்கு முற்றத்தில் சாசேஜ் சுட்டுக் கொடுப்பார்கள். அதற்கு மட்டும் இறங்கி வருவார்.

போகாமலும் இல்லை. வீடு காட்ட அழைப்பு வந்தால் முதல் ஆளாக ரயில் ஏறிவிடுவார். தோளில் ஒரு துணிப் பை. அதில் அளவு நாடா, திசைகாட்டி, ஒரு கோலிக்குண்டு. கோலியைத் தரையில் வைப்பார். உருண்டால் தரை சரிவு, வீடு தள்ளுபடி. உருளாவிட்டால் வேறு குற்றம் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம், "பசங்க கத்தறது காதக் கிழிக்கும்." இன்னொன்றுக்கு எதிரே முதியோர் இல்லம், "காலைல எழுந்தா நம்ம வருங்காலத்தையே பாத்துக்கிட்டுக் காபி குடிக்கணுமா?" ஒரு வீட்டின் மாடிப்படியில் பொரித்த மீன் வாசனை அடித்ததாம், வேண்டாம் என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் மீன் பொரித்து எங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து நாறடிக்கிற மனிதர் இவர்.

தனியாகப் போக மாட்டார். "ரெண்டு கண்ணவிட நாலு கண்ணு நல்லது, வா உல்ரிகா" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார். வேண்டாம் என்று முடிவான பிறகு, "உனக்கும் பிடிக்கலதானே?" என்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிடுவார். மறுநாள் ஊரெல்லாம், "உல்ரிகாவே வேணாம்னுட்டா" என்பார். இப்படி ஆறு வீடுகளை நான் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேனாம்.

இது வெறும் கிறுக்கு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஸ்டாக்ஹோமில் குனில்லா இருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், என் வீட்டு ஆகஸ்ட் நண்டு விருந்தில், அந்த விருந்தின் வழக்கப்படி காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு நண்டின் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தவளைத்தான் யோரான் பார்த்தார். என் சிநேகிதி. பிரசவ வார்டில் தாதி. அவள் வேலை அங்கே, பேரப்பிள்ளைகள் அங்கே. ஒரு வாரக் கடைசிக்கு இவர் போவார், அடுத்ததற்கு அவள் வருவாள். ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு ஊர். அவள் அங்கே குடியிருந்தது அடுத்தவர் பெயரில் உள்ள ஒற்றை அறை. செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கென்று வரிசையில் நாள் இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. ரெண்டு தடவ செலவு பண்ணிட்டேன். ஒண்ணு கல்யாணத்துக்கு, ஒண்ணு விவாகரத்துக்கு. ரெண்டு வீடுமே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

போன ஜூலையிலேயே யோரானிடம் நேராகச் சொல்லிவிட்டாள். நானும் அப்போது மேஜையில் இருந்தேன். "அடுத்து நல்ல வீடு வந்தா எடுத்துடு. ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம். இல்லன்னா நான் பொண்ணு வீட்டு மாடிக்குப் போறேன், அத்தோட இதையும் முடிச்சுக்கலாம். எனக்கு அறுபது வயசு, யோரான். ஞாயித்துக்கிழமை ரயில் எனக்குப் போதும்." இவர் உருளைக்கிழங்கில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நல்லதா ஒண்ணு வரட்டும், கண்ண மூடிக்கிட்டு எடுத்துடறேன்" என்றார்.

வந்தது. ஆகஸ்டில், ஸ்டாக்ஹோமின் தெற்குத் தீவில், மூன்றாம் மாடி. இரண்டு அறை, லிஃப்ட், தென்மேற்குப் பால்கனி, எதிரே இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர்க் காட்சி. பட்டியலில் முதல் பெயர் யோரான். வழக்கம்போல் என்னையும் கூட்டிக்கொண்டார். குனில்லா வேலை முடிந்து சீருடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக வந்திருந்தாள்.

வாசலில் காலணியைக் கழற்றும்போதே பட்டியலில் அடுத்த இடத்துக்காரர் அறிமுகமாகிவிட்டார். தபால்காரர், இருபத்தாறு வருடம் காத்திருப்பவர். "நீங்கதான் முதலா? எத்தன வருஷம்?" என்று கேட்டார். யோரான் வருடம் சொல்லவில்லை, நாளாகச் சொன்னார். தபால்காரர் வாயைப் பிளந்தார். யோரானின் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "எடுக்கறதா இல்லையான்னு கொஞ்சம் சீக்கிரம் சொல்லிட்டீங்கன்னா..." என்று அந்த மனிதர் இழுத்தார். "இதெல்லாம் அவசரப்படற விஷயமா?" என்றார் இவர்.

நாடா வந்தது, திசைகாட்டி வந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார், அது மூச்சுக்கூட விடவில்லை. கழிவறைத் தண்ணீரை மூன்று முறை திறந்துவிட்டார். கோலியை நடு அறையில் வைத்தார். நின்றது. முழங்காலிட்டார். இன்னும் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஐயா குனிந்து மெல்ல ஊதினார்! உருண்டது.

"சரிவு இருக்கு" என்றார்.

"நீ ஊதினே" என்றேன்.

"காத்துக்கு உருளற தரை என்ன தரை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனில்லா இதையெல்லாம் பார்க்கவே இல்லை. சமையலறை ஜன்னலோரம் கைகளை விரித்து அளந்துகொண்டிருந்தாள். "என் மேஜை இங்க வந்துடும், உல்ரிகா. காலைல வெயில் இல்லன்னாலும் சாயங்காலம் முழுக்க வெயில். நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்கி எழுந்தா வெயில்லதான் காபி குடிப்பேன்." இவ்வளவு வருடத்தில் அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. யோரான் வந்து அவள் தோளில் கை வைத்து, "அழகான வீடு" என்றார். உண்மையாகவே சொன்னார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. அதுதான் அவரிடம் ஆபத்து.

செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் கைபேசியில் சரி என்று ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வீடு தபால்காரருக்கு. இவருடைய நாட்களுக்குச் சேதம் இல்லை.

திங்கட்கிழமை முழுவதும் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதிக்கொண்டிருந்தார். நல்லது பக்கம் நிறைந்து தாளின் பின்புறத்துக்குப் போனது. கெட்டது பக்கத்தில் ஒரே ஒரு வரி. எட்டிப் பார்த்தேன். "மறுநாள் பூஜ்யம்" என்றிருந்தது.

"ஏம்பா, அந்த நாள வச்சுக்கிட்டு என்னதான் பண்ணப் போற? கூடக் கொண்டுபோகப் போறியா?" என்றேன்.

"உனக்குப் புரியாது. இப்ப நான் எங்க வேணா போகலாம். எந்த வீட்டுக்கு வேணா போகலாம். எடுத்துட்டேன்னு வையி, அந்த ஒரு வீட்லதானே இருக்க முடியும்?"

"எல்லா மனுஷனும் ஒரு வீட்லதான்யா இருக்கான்!"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பலகையைப் பார்த்தால், பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை நெடுஞ்சாலைப் பாடம் என்று அவர் பெயர் எழுதியிருந்தது. அது என்னுடைய பாடம். என் மாணவி, ரொட்டிக்கடை நடத்தும் ஐம்பது வயது அம்மாள். என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தார். முகத்தில் தப்பித்துவந்த ஒரு களை.

"அழுத்தினியா?"

"வண்டியில இருந்தேனே, உல்ரிகா. வண்டியில போனைத் தொடலாமா? நீயும் இதத்தானே சொல்லிக்கொடுக்கற?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலேயே கைபேசி அடித்தது. குனில்லாவின் குரல் எனக்கும் கேட்டது. "எடுத்தியா?" இவர் நெடுஞ்சாலை, ரொட்டிக்கடை, லாரி நெரிசல் என்று ஆரம்பித்தார். இவரே ஓய்ந்தபின், "சரி, யோரான்" என்று மட்டும் சொன்னாள். "பாத்தியா, புரிஞ்சுக்கிட்டா" என்றார் என்னிடம். இந்த ஆளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் காலிப் பெட்டியோடு வந்தாள். ஒன்பது வருடத்தில் இவர் வீட்டில் சேர்ந்த அவள் சாமான்கள் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. குளிர்கால பூட்ஸ், இரும்புத் தோசைக்கல் போன்ற ஒரு கனமான வாணலி, இரண்டு கம்பளிச் சட்டை, பேரன் வரைந்த ஒரு படம். சாவியைச் சமையலறை மேஜையில் வைத்தாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது யோரான்தான். இதற்கும் சாட்சி வேண்டியிருந்தது போலும்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ரயில் நாலு நிமிடம் தாமதமாம். அந்த வீட்டு பால்கனியில் யோசித்துப் பார்த்தால் காற்று அதிகமாம். "இன்னொண்ணு வரும் பாரு. இதவிட நல்லதா வரும். வந்ததும் சொல்றேன்."

"யார்கிட்ட?" என்றாள் குனில்லா.

அவருக்கு அது உறைக்க நேரம் பிடித்தது. உறைத்தபோது ரயில் வந்து நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போய், பெட்டியைத் தூக்கினார். அவள் முதலில் ஏறி, உள்ளே ஒதுங்கி நின்று இடம் விட்டாள். பெட்டி கனம். ஒரு படி ஏறி இரண்டடி உள்ளே போய் வைத்தால் முடிந்தது. இவர் வலது காலைப் படியில் வைத்து, உடம்பை வளைத்து, இரண்டு கைகளையும் நீட்டி, எட்டாத சாமான் தட்டை நோக்கி அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ ஒரு பயணி எழுந்துவந்து அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டார். குனில்லா யோரானின் முகத்தைப் பார்க்கவில்லை. நடைமேடையில் அழுந்த ஊன்றியிருந்த இடது காலைத்தான், கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.