எட்டுத் துளை, பத்துத் துணி

என் கணவர் ஏழு மாதம் என் விசாவில் இருந்தார். அமீரகத்தில் அப்போது நர்ஸ், டீச்சர் என்று சில வேலைகளில் இருக்கும் பெண்களுக்குத்தான் புருஷனை ஸ்பான்சர் செய்ய அனுமதி. நான் ராஸ் அல் கைமாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்ற அந்தச் சமயத்தில், அவர் பதினோரு வருடம் மெக்கானிக்காக வேலை பார்த்த கராஜையும் மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பாமல் இருக்க வேண்டுமென்றால் என் பெயரில் விசா எடுப்பது ஒன்றுதான் வழி. அவருடைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கீழே, வேலை செய்ய அனுமதியில்லை என்று ஒரு வரி.

முதல் இரண்டு மாதம் அதை வைத்து நிறையச் சிரித்தோம். விசா கொடுக்கும் முதலாளியை இங்கே கபீல் என்பார்கள். “கபீலம்மா, கடைக்குப் போயிட்டு வரட்டுமா?” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நானும் விறைப்பாக, “யல்லா, சீக்கிரம் வரணும்” என்பேன். நாலாவது மாதத்தில் அவர் அந்தக் கேலியை நிறுத்திவிட்டார். அது தெரியாமல் நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அன்றிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

குளிர்காலம் தொடங்கியபோது, பழைய கராஜுக்கு வண்டி கொண்டுவரும் உள்ளூர்க்காரர் ஒருவர் இவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக ஒரு கராஜ் திறக்கப்போவதாகவும், லைசென்ஸ் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றும், ஃபோர்மேன் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அவரிடம் எட்டு சிலிண்டர் அமெரிக்க மசில் கார் ஒன்று இருந்தது, சிவப்பு நிறம், இரண்டு வருடம்தான் ஓடியது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சூப்பர்சார்ஜர் வரவழைத்திருந்தார், அது ஜெபல் அலி துறைமுகத்தில் வந்து இறங்கியிருந்தது. அதை இவர் மாட்டித் தர வேண்டும். அவர் வீட்டில் வைத்துச் செய்தால் தகப்பனார் சத்தம் போடுவாராம். மற்ற கராஜ்காரர்கள் கண்ணில் படவும் அவருக்கு இஷ்டமில்லை. “உன் வீட்டு வாசலில்தான் ஷெட் இருக்கிறதே” என்று உருதுவும் அரபியும் கலந்து சொன்னார். வேலை நன்றாக அமைந்தால் ஃபோர்மேன் வேலையும் சொந்த விசாவும்.

அவர் போன பிறகு என் கணவர் ஷெட்டைக் கூட்டினார். மூன்று முறை கூட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று கேட்டேன். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாது, இது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், உங்க ஆஸ்பத்திரி வென்டிலேட்டர் மாதிரி என்றார். உடனே புரிந்துவிட்டது. வந்த பெட்டி எங்கள் வாஷிங் மெஷின் பெட்டியைவிடப் பெரியது. அதற்குள் ஒரு தடிமனான புத்தகம், எல்லாம் அமெரிக்க இங்கிலீஷ். இவருக்குப் படத்தைப் பார்த்தால் போதும், பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு நான். டூட்டி முடிந்து வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து வாசிப்பேன். பம்பருக்கு அடியில் குனிந்தபடியே “அடுத்த ஸ்டெப்பு” என்பார். அந்த நாட்களில் அவர் குரல் பழைய குரலாக இருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை இன்ஜின் மேலிருந்த பழைய மேனிஃபோல்டைக் கழற்றினார். காற்று போகிற குழாய்க்கூடு அது. அதைத் தூக்கியதும் இன்ஜினில் எட்டுத் துளைகள், பக்கத்துக்கு நாலாகத் திறந்து கிடந்தன. ஒரு போல்ட், ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் இன்ஜின் போய்விடும், ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் அடைக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அவருடைய பழைய நீலக் கட்டம் போட்ட சாரத்தை, லுங்கியைத்தான், கிழித்துப் பத்துத் துண்டாக வெட்டிக் கொடுத்தேன். எட்டு அடைக்க, இரண்டு துடைக்க. எட்டோடு நிறுத்தாமல் பத்தாக வெட்டியது கைப்பழக்கம். தியேட்டரில் எங்களுக்குத் துணி பத்துப் பத்தாகத்தான் வரும்.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தி, கத்தரி, ஊசி, துணி எல்லாவற்றையும் இரண்டு பேர் சத்தமாக எண்ண வேண்டும். உள்ளே போன கணக்கும் வெளியே வந்த கணக்கும் ஒத்துவரவில்லை என்றால், எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் மூன்று தடவை நிறுத்தியிருக்கிறேன். இரண்டு தடவை துணி வெளியேதான் கிடந்தது, ஒன்று சர்ஜனின் செருப்புக்கு அடியிலேயே. மூன்றாவது தடவை வயிற்றுக்குள் இருந்தது. திட்டு மூன்று தடவையும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காலை டூட்டி. மூன்று மணிக்கு வீடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. பழைய மேனிஃபோல்ட் இருந்த இடத்தில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. பெல்ட், குழாய்கள், முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. போல்ட்டுகளைப் புத்தகத்தில் சொன்ன வரிசைப்படி முறுக்கியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்வது மட்டும் பாக்கி. சொந்தக்காரர் நாலு மணிக்கு வந்து அவரே சாவியைத் திருப்புவார் என்று ஏற்பாடு. இவர் குளித்து, தலை சீவி, ஞாயிறு மாதா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

நான் ஷெட்டில் கிடந்த குப்பையை அள்ளினேன். நீலக் கட்டத் துணிகளைப் பொறுக்கிக் கவரில் போடும்போது வாய் தானாக எண்ணியது. ஒன்பது.

காருக்கு அடியில் பார்த்தேன். டூல் பெட்டியில், குப்பைத் தொட்டியில், அவர் கழற்றிப் போட்ட பேன்ட் பையில் பார்த்தேன். ஒன்பதுதான்.

“ஏங்க, ஓட்டையில எத்தன துணி வச்சீய?”

“எட்டு.”

“எத்தன எடுத்தீய?”

“எட்டு.” முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“ஒன்பதுதான் இருக்கு. பத்து வெட்டிக் குடுத்தேன்.”

“தொடச்ச துணி ஒண்ணு காத்துல பறந்திருக்கும். காலையில என்ன காத்து அடிச்சிச்சு தெரியுமா?”

“பறந்திருந்தா காம்பவுண்டுக்குள்ளதான கெடக்கணும்?”

“இது ஒந் தியேட்டர் இல்லட்டி. எட்டு வச்சேன், எட்டு எடுத்தேன். கலாஸ், அவ்வளவுதான்.”

காலையில் காற்று அடித்தது உண்மைதான். ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் மணல் படிந்திருந்தது. அவர் சொன்னது நடந்திருக்கலாம். ஆனாலும் வேறு யாராக இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அவ்வளவு பெரிய சர்ஜனையே நிறுத்தி வைத்தவள், என் புருஷனிடம் இன்னொரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏனென்று எனக்குத் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் அது ஸ்பான்சர் சொல்வதாகத்தான் விழும். மூன்று மாதமாக அவர் சமையலில் உப்புக் குறைவு என்று சொல்லக்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது. சுலைமானிக்கு, பால் விடாத டீக்கு, தண்ணீர் வைத்தேன்.

நாலு மணிக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். வெள்ளைக் கந்தூரா அங்கியில் வாசனையாக வந்து, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “மாஷா அல்லா” என்று இவர் தோளைத் தட்டினார். நான் டீ தட்டோடு வாசலுக்கு வந்தபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கால் வெளியே. சாவி உள்ளே போய்விட்டது.

“வெயிட்!” என்றேன். தியேட்டரில் கத்துவதுபோலக் கத்திவிட்டேன். டீ சிந்தியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி எதற்கெடுத்தாலும் பயப்படுவாள் என்று இவர் சிரித்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருந்தால் நான் மறுபடி வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவர் வேலை, விசா, அந்த மூன்று நாள் உழைப்பு எல்லாம் என் ஒரு வார்த்தையில் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது. பயந்துபோயிருந்தேன்.

என் கணவர் கார்ப் பக்கம் போய்க் கையை நீட்டினார். “சாவியக் குடுங்க அர்பாப்,” என்று முதலாளியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் ஹிந்திக்கு வந்தார். “கின்தி பராபர் நஹி. கோல்னா ஹை.” எண்ணிக்கை சரியில்லை, திறக்க வேண்டும் என்று அர்த்தம்.

கோயில் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

போடுவதற்கு மூன்று நாள் ஆனதைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. குழாய்களில் ஊற்றிய தண்ணீரை வடித்தார், பெல்ட்டைக் கழற்றினார், பெட்ரோல் குழாயைக் கழற்றினார், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். சொந்தக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுலைமானி குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கந்தூராக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு சூப்பர்சார்ஜரின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இவர் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கி என் பழைய போர்வை மேல் வைத்தார்கள்.

இவர் டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்தார். பயணி பக்கம் நாலும் சுத்தம். டிரைவர் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று சுத்தம். பத்தாவது துணி காற்றில்தான் போயிருக்கிறது, நான் இவருடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இவர் நாலாவது துளையின் மேல் குனிந்தார், நிமிரவே இல்லை. பிறகு நீள மூக்குக் குறடைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு எண்ணெயில் ஊறி, நன்றாக உள்ளே இறங்கியிருந்த துணி சுருண்டபடியே வெளியே வந்தது. ஓரத்தில் மட்டும் நீலக் கட்டம் தெரிந்தது.

“கல்த்தி மேரா,” என்றார். தப்பு என்னுடையது.

சொந்தக்காரர் துணியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் டாக்டர்களெல்லாம் உங்களுக்கு பயப்படுவார்களா சிஸ்டர் என்று கேட்டார். பயப்பட மாட்டார்கள், திட்டுவார்கள் என்றேன். அதற்கு ரொம்ப நேரம் சிரித்தார். போகும்போது கந்தூராவில் பட்ட எண்ணெயை ஒரு தடவை பார்த்துக்கொண்டு இவரிடம் சொன்னார், நாளைக்கு மூடு, ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் காப்பி கொண்டு வா என்று.

சனிக்கிழமை இவர் தனியாக மூடினார். நான் ஷெட் பக்கமே போகவில்லை. சாயங்காலம் சொந்தக்காரர் வந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தபோது, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு இரைச்சல் வருமே, அந்தச் சத்தம் அடியிலிருந்து எழும்பி வந்தது. பக்கத்து வில்லாக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு காலை என்னை டூட்டிக்குக் கொண்டுபோய் விட்டார். எங்கள் பழைய கார்தான். டேஷ்போர்டில் பாஸ்போர்ட் காப்பி வைத்த கவர் இருந்தது. இரண்டு நாளாக நான் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். நன்றி என்றுகூட இல்லை, ஏதாவது ஒன்று. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தாகிவிட்டது. என்னால் அடக்க முடியவில்லை.

“எட்டு எடுத்தேன்னு அவ்வளவு உறுதியாச் சொன்னீயளே. எண்ணும்போது ஒண்ணு எப்படித் தப்பிப்போச்சு?”

வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் எண்ணவே இல்ல,” என்றார்.

“பிறகு?”

“நீ கேட்டல்லா, அதான் எட்டுன்னு சொன்னேன். வேற யாரு கேட்டிருந்தாலும் எண்ணிப் பாத்திருப்பேன்.” டேஷ்போர்டுக் கவரைப் பார்த்து, “ஒன் விசாவுல கெடந்துகிட்டு, ஒன்கிட்ட கணக்கும் ஒப்பிக்கணுமான்னு இருந்திச்சு” என்றார்.

டூட்டிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.