எந்த ஊர் ஆந்தை?

இன்று காலை நெருப்பெரிச்சலில், நான் சூப்பர்வைசராக இருக்கும் பனியன் கம்பெனியின் கூரைச் சட்டத்தில் ஒரு வெள்ளை ஆந்தை உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனாலும் கை துடைப்பத்தைத்தான் தேடியது.

வங்காளத்து டெய்லர் மிதுன் குறுக்கே ஓடிவந்தான். "அண்ணா, அடிக்காதே! அது லட்சுமி சாமியோட வண்டி. எங்க ஊர்ல வந்தா நல்லது."

ஆந்தை சீறியது. அந்தச் சத்தத்தில் சிறுவயதுக் காய்ச்சல் ஒன்று நினைவில் திரும்ப வந்தது. வீரபாண்டி லைன் வீடு, அந்தி நேரம். நெற்றியில் ஈரத்துணி, ஓட்டின்மேல் இதே சீறல்.

"ஏனுங்க, புள்ளையக் கொண்டுபோக வந்திருக்குதுங்க, தொரத்துங்க!" என்று அம்மா அழுதார். அப்பா தட்டைத் தட்டிக்கொண்டு சந்தெல்லாம் ஓடினார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. காய்ச்சல் இறங்கும்வரை என்னை மடியிலிருந்து இறக்கவில்லை.

அம்மா மிதுன் ஊரில் பிறந்திருந்தால், அதே சீறலைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாரோ?

போன் செய்து, இந்த ஆந்தையையும் மிதுன் சொன்னதையும் சொல்லி அவரிடமே கேட்டேன்.

"அது அவிங்க ஊர்ல இருந்து ரயிலேறி வந்ததா இருக்கும் கண்ணு. இருந்துட்டுப் போவுட்டும், உடு. நீ மட்டும் அதுக்கு அடியில நிக்காத, சாமி."