கவுனுக்குள் நான்

எங்கள் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். சொல்லட்டும். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசாமல், பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அத்தையின் தையல் கடை. அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்துநாலு வயது. எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் வரவேண்டும், அப்படி ஓர் உயரம். வரன் பார்க்கவென்று அவளை எத்தனையோ முறை ஸ்டூடியோவில் நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அப்பிய பவுடரும் தரையைப் பார்க்கும் கண்ணுமாக, திருடி மாட்டிக்கொண்டவள் போல நிற்பாள். போன படங்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

அந்த வருஷம் தேனியில் ஒரு ஜவுளிக்கடை புதிதாகக் கவுன் பிரிவு தொடங்கியது. அதற்குக் காலண்டர் போட, குமுளியிலிருந்து ஒரு போட்டோக்காரரைப் பிடித்தார்கள். அவருக்குக் குழந்தைகளின் கதைப் புத்தகத்தில் வருகிற மாதிரிப் படம் வேண்டுமாம். காட்டுக்கு நடுவே சிம்மாசனம், புகைமூட்டம், கிரீடம் வைத்த ராணி. காட்டுக்குக் கம்பம் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் கிடைத்தது. சிம்மாசனத்துக்குப் பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள். புகைக்குச் சாம்பிராணி. கவுனுக்கு எங்கள் அத்தை. மயில் பச்சையில், பின்னால் பத்து முழம் இழுபடுகிற கவுனை அவள் ஒரு மாதமாகத் தைத்தாள்.

கடைகளில் துணி மாட்டி நிறுத்துவார்களே, அந்தப் பொம்மை அத்தையிடம் கிடையாது. எதைத் தைத்தாலும் தன் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் குண்டூசி குத்துவாள். கடைசியில் ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துக் கொடுப்பாள். இந்த ராணிக்கு அளவுச் சீட்டு கடைசிவரை வந்து சேரவில்லை.

படம் எடுக்கிற அன்று விடிகிற நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போனோம். ராணியாக வரவேண்டிய பெண், குமுளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, ஜீப்பின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள். வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும். போட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேச்சி, சமயம் போகுது. இனி என்ன செய்ய?"

"உடுப்பு என் ஒடம்புல வச்சுத் தச்சது. நானே போட்டு நிக்கிறேன்," என்றாள் அத்தை.

அவர் அத்தையை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் கையைக் கடித்து வைக்கலாமா என்று இருந்தது எனக்கு. நல்லவேளை, வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டார்.

பழம் தொங்கும்போது பந்தலுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று தோட்டக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ராணிக்கென்று வாங்கிவந்த வெள்ளிநிறக் குதிகால் செருப்பு வரப்பிலேயே நின்றது. அத்தை வெறுங்காலோடு, பாதமெல்லாம் ஈரமண்ணாக, கிரேட் மேல் போய் உட்கார்ந்தாள். கவுன் காற்றில் எழும்ப வேண்டும். காற்றோ இல்லை.

"ஏத்தா, நீ உள்ள பூந்து தூக்கி விடு," என்றாள் என்னிடம்.

நான் அந்தப் பத்து முழத்துக்கு அடியில் புகுந்து, மண்டி போட்டு, இரண்டு கையாலும் துணியை உயர்த்தி உயர்த்தி விட்டேன். உள்ளே எல்லாம் பச்சை வெளிச்சம். வெளியே பேசுவது மட்டும் கேட்டது.

"கொஞ்சம் சிரிங்க சேச்சி."

"மாட்டேன். ராணி எதுக்குச் சிரிக்கணும்? யாரு வந்து பாத்து, பிடிச்சிருக்குன்னு சொல்லணும்?"

ஐப்பசியில் மாதிரிக் காலண்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. புகைக்கு நடுவே அத்தை நம்மை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கவுன் அலை அலையாக எழும்பி நின்றது. தரையைப் பார்க்காத அத்தையை அன்றுதான் படத்தில் பார்த்தேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. என் தலைமயிர்கூட அதில் தெரியவில்லை. ஆனாலும் பாதிப் படம் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத்தான் வேர்த்துவிட்டது. கடமலைக்குண்டிலிருந்து ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பெண் தையல் கடையை மூடிவிட வேண்டும்.

"கடைய மூட மாட்டேண்ணே. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்," என்றாள் அத்தை.

"ஒன்னைய யாரு கேட்டா? இந்த வயசுல தேடி வந்திருக்காக. அவுக பூ வச்சிட்டுப் போற வரைக்கும் இந்தப் படம் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது."

அப்பா காலண்டரைச் சுருட்டி, பீரோவுக்கு மேலே சுவரோரமாகத் தள்ளிவிட்டார். புது வருஷத்துக்கு ஜவுளிக்கடையில் ஊருக்கே கொடுக்கப் போகிறார்களே என்று அம்மா கேட்டதற்கு, கார்த்திகையிலேயே தாலி ஏறிவிடும் என்றார். அத்தை அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று நானும் நினைத்தேன்.

பூ வைக்க அவர்கள் வருகிற காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"யாரு எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். என்னத்தா?"

தலை பின்னும் நேரத்துப் புத்திமதி என்று சரி சரி என்றேன். ரிப்பன் எடுக்கப் பள்ளிப் பையைத் தூக்கினால், அடியில் காலண்டர் கிடந்தது. எப்படி வந்தது என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஒன்பது வயதில் வேண்டிய பொருள் கைக்குக் கிடைத்தால் யார்தான் விசாரணை வைப்பார்கள்?

கேசரி பரிமாறியதும் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒங்க அத்தை என்னத்தா செய்யும்?"

"தைப்பாக. ராணியாவும் இருந்தாக. கவுனுக்குள்ள நான் இருக்கேன்!"

ஓடிப்போய்க் காலண்டரை எடுத்துவந்து அவர் மடியிலேயே விரித்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதை ஊரு பூராம் மாட்டுவாகளா? கண்ண எப்படி முழிச்சுப் பாக்குது பாருங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அது ஏதோ கம்ப்யூட்டரில் செய்த கிராபிக்ஸ் என்று அப்பா இழுத்தார். அதே நேரம் காபித் தட்டோடு அத்தை வந்து நின்றாள்.

"கிராபிக்ஸ் இல்ல. நான்தான் அது. கவுனைத் தச்சதும் நான்தான். இன்னமும் தைப்பேன்."

படத்தில் பார்த்த அதே பார்வை. அவர்கள் காபியைத் தொடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி விடுகிறோம் என்று எழுந்தார்கள். கொண்டுவந்த பூவும் அவர்களோடேயே கடமலைக்குண்டுக்குத் திரும்பிப் போனது.

அப்பா என்னை அறைந்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு முறைதான். அத்தையின் வாழ்க்கையையே அழித்துவிட்டேன் என்று நம்பி, தையல் மிஷினுக்கு அடியில் புகுந்துகொண்டு அழுதேன். அத்தை என்னை வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மீந்த கேசரியை ஊட்டினாள். என் கன்னத்தைத் தடவத் தடவ அவள் கண்ணும் நிறைந்தது. வரன் போன துக்கம் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

பத்தாம் வகுப்பு படிக்கையில், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க அந்தப் பீரோவின் மேலே கையை நீட்டினேன். முக்காலி போட்டும் சுவரோரம் எட்டவில்லை. அம்மா என்னைவிடக் குட்டை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேரே முன்னறைக்குப் போனேன். அத்தை யாருடைய கவுனையோ தன் உடம்பில் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அன்னைக்குக் காலண்டரை எடுத்து என் பைக்கு அடியில வச்சது நீங்கதான?"

பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்தாள்.

"இம்புட்டு நாளாச்சா ஒனக்கு?" என்றாள். பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள். "அந்த அடி எனக்குத்தான் விழும்னு நெனச்சேன்த்தா."