தலையணைக்குக் காய்ச்சல்

கிராமத்துத் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்காக, அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நானும் சேர்ந்திருந்தேன். கணவருக்குக் கோயமுத்தூரில் மில் வேலை. இரண்டு வயது மகளை ஆலங்குடியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் விடுதியில் தங்கிப் படித்தேன். பிள்ளை நினைப்பு எந்நேரமும் இருக்கும். வெளியில் காட்டினால் கேலி செய்வார்களே என்று விறைப்பாகத் திரிவேன்.

எங்கள் டீச்சரம்மா மெட்ராஸ்காரர். ஒருநாள், வகுப்பிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றார். கவலையோடு வரும் தாய் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வது நல்லதா, உடனே வழி சொல்வது நல்லதா? ஊருக்குள் போய்ச் சோதித்தால் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கவலை. எதை எதோடு ஒப்பிடுவது? நாம் ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிட்டால் கஷ்டப்படப்போவதும் அவள்தான். அதனால் நம்மில் ஒருத்தி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தாயாக நடிக்கட்டும். எல்லோரிடமும் ஒரே வார்த்தைகளைச் சொல்லட்டும். பாதிப் பேர் கேட்டுக்கொள்ளட்டும், மீதிப் பேர் வழி சொல்லட்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "அச்சானியமா அதையெல்லாம் வாயால சொல்லக்கூடாதுங்க டீச்சர்" என்றாள் திருமயத்துப் பக்கம் இருந்து வந்த ஒருத்தி. கல்யாணமாகாதவர்களுக்கோ, இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றிய பயம். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்களெல்லாம் ஊருக்குப் புத்தி சொல்லப் போகிறார்களாம்! "நான் சொல்றேங்க" என்று எழுந்தேன்.

மடியில் ஒரு தலையணையை வைத்தார்கள். அதுதான் பிள்ளை. "மூணு நாளாக் காச்சங்க. வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்குது. கூப்பிட்டாக் கண்ணத் தொறக்குது, ஒடனே மூடிக்கிருது." வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் இதையே சொன்னேன். கடைசி வார்த்தையில் தொண்டையை அடைத்துக்கொள்ளவும் பழகிவிட்டேன். எது ஆறுதலாக இருந்தது என்று டீச்சரம்மா கேட்டபோது, கேட்டுக்கொண்டவர்கள்தான் என்றேன். பொய்யில்லை. தலையணைக்கு ஈரத்துணி போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்த வாரம் இன்னொரு பிரிவுக்கும் நானே செய்ய வேண்டும் என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆலங்குடி பஸ்ஸின் கண்டக்டர் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். "ஒங்க ஆத்தா சொல்லிவிட்டாங்க. பிள்ளைக்குக் காச்சலாம். ஒடனே வரச் சொன்னாங்க."

பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தேன், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒன்றும் நினைவில்லை. நான் அதுவரை எதற்கும் வேண்டிக்கொண்டவள் இல்லை. அன்றைக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு, நான் சொன்னது தலையணையைத்தான், என் பிள்ளையை இல்லை என்று வழி நெடுக விளக்கிக்கொண்டே போனேன். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டதோ என்ற நினைப்பு விடவே இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதுதான், போவதுதான் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

அம்மா பிள்ளையை ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தாள். கையில் வாங்கினேன். அனலாகக் கொதித்தது. என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டார். வாயைத் திறந்தேன். "மூணு நாளாக் காச்சங்க. வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்குது..." அதே வார்த்தைகள், அதே வரிசை. மகள் உண்மையிலேயே அப்படித்தான் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பழகிய இடத்திலேயே தொண்டையும் அடைத்தது. என் காதுக்கே அது நடிப்பாகக் கேட்டது. இவர் என்னை நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வேன்? வேறு மாதிரி சொல்லப் பார்த்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைத்தான் பார்த்தார். "இங்கிட்டுக் கொண்டாங்க. இந்தத் துணிய நனைச்சு நெத்தியில போடுங்க. காஞ்சா மறுபடி நனைங்க. அழுகையெல்லாம் பொறகு பாத்துக்கலாம்." அந்த அதட்டல்தான் என்னை நிற்க வைத்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்தது. உட்காரும்மா, மனசில் இருப்பதைச் சொல்லும்மா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகுதான் பேச்சு வந்தது. பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த ஒரு அம்மாவிடம் நான் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆறுதலாக இருந்தது! ஆக, வகுப்பில் கண்டுபிடித்தது தப்பில்லை. எந்த நேரத்துக்கு எது என்பதுதான் அங்கே தெரியவில்லை. தலையணைக்குக் காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லையே.

நான் விடுதிக்குத் திரும்பியதும் டீச்சரம்மா விசாரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒன்னால முடியுமாம்மா? ஆளை மாத்தினா இதுவரைக்கும் செஞ்சதோட ஒப்பிட முடியாது" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த இன்னொரு பிரிவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தலையணையை மடியில் வைத்தார்கள். எதிரே இருந்த பெண், "பிள்ளைக்கு என்னங்க செய்யுது?" என்று பாடம் பிசகாமல் கேட்டாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. என் கை தானாகத் தலையணையின் மேல் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தது.

"காச்ச விட்டுருச்சுங்க" என்றேன். "இப்பத்தான் கஞ்சி குடிச்சுச்சு."