மார்கழியில் பார்வதி வீட்டுப் பிட்டு

மழை விட்ட மார்கழி விடியலில் கிணற்று நீர் உடம்பில் படும்போது வெதுவெதுப்பாக இருக்கும். வாளியைக் கீழே வைத்த கணமே மலைப்பக்கத்துக் காற்று வந்து பற்களைத் தந்தியடிக்க வைக்கும். பினாங்கில் குளிரா என்று சிரிப்பவர்கள் அந்த நேரத்தில் குளித்தவர்களாக இருக்க முடியாது. கிறிஸ்துமசுக்கு முந்திய நாட்களில் நானும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமும் இருட்டோடு குளித்து, தலைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு மாதா கோவிலுக்குப் பூசை காணப் போவோம். "நன்மை" என்று நாங்கள் சொல்லும் நற்கருணையை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. அந்தப் பட்டினிக்கு "ஒருசந்தி" என்று பெயர்.

பூசை முடிந்ததும் "பசியாற" நாங்கள் போகுமிடம், எங்களோடு படித்த பார்வதியின் வீடு. அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். அவள் அம்மா மார்கழிக் கோயிலுக்குப் போய் வந்து பிட்டு அவித்து இறக்கும் வேளையும் நாங்கள் படியேறும் வேளையும் ஒன்றாக இருக்கும். போகிற வழியில் எங்கள் வீடுகளில் எட்டிப்பார்த்து, நான் வாழைப்பழமும் ஆரோக்கியம் அவள் அம்மா சுட்ட அப்பமும் எடுத்துக்கொள்வோம். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் சொதி புறங்கையில் ஒழுக ஒழுகச் சாப்பிடுவோம்.

கப்பல் வரத்துக் குறைந்து துறைமுகத் தொழிலாளிகளைக் கூட்டங்கூட்டமாக வேலையிலிருந்து நிறுத்திய வருஷத்தில், ஆரோக்கியம் பார்வதி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாள் முழுக்க ஒருசந்தி என்றாள். ஒருநாள் பூசை நடுவே மயங்கி விழுந்தாள். "இந்த வயசுல என்னா பக்தி பாரு!" என்று பெண்கள் மெச்சினார்கள். திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்லலா. அப்பாவுக்கு வேலை போச்சு. ராத்திரி கஞ்சி தம்பிக்கே பத்தல. அப்பம் இல்லாம கையை வீசிக்கிட்டு அவங்க வீட்டுக்கு எப்படிப் போறது? யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் பார்வதியின் அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. யாருக்கு வேலை போயிற்று என்பது அந்த வீட்டுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. மறுநாள் பூசை முடிந்து வந்தபோது, பார்வதியின் அம்மா ஈரக்கூந்தலோடு எங்கள் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை ஆரோக்கியம், நான் ஒரு விரதம் பிடிக்கிறன். மூண்டு பிள்ளையளுக்குக் காலமைச் சாப்பாடு குடுத்தாத்தான் அது முடியும். ரெண்டு பேர் இருக்கினம். நீ வராட்டி என்ரை விரதம் குழம்பிப்போகும்."

"சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடக்கூடாதும்மா."

"படைக்கேல்லை. அடுப்பாலை இறக்கி நேரா உங்களுக்குத்தான்."

அன்று ஆரோக்கியம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விரதம் எத்தனை நாளைக்கு என்று பார்வதி கேட்டதற்கு, "அதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது" என்று சொல்லி அவள் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தை பிறந்ததும் ஆரோக்கியத்தின் குடும்பத்தை, வேலை இழந்தவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பும் கப்பலில் ஏற்றினார்கள். வழியனுப்பப் போன என் காதோடு அவள் சொன்னாள்: "அந்த விரதம் பொய்யின்னு எனக்கு மொத நாளே தெரியும்லா. தெரிஞ்ச மாதிரி காட்டினா அவங்களுக்குச் சங்கடம். அதான் நல்லாச் சாப்பிட்டேன்."

பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இப்போது நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் பசித்திருந்தால் போதும். பார்வதி வீடு இருந்த வரிசையில் மோட்டார்க் கடைகள் வந்துவிட்டன. பார்வதியும் நானும் எப்போதாவது சேர்ந்து பசியாறும்போது, அந்த விரதம் பொய் என்ற பேச்சை எடுத்தால் அவளுக்குக் கோபம் வரும். "அம்மா பொய் சொல்லமாட்டா. அது விரதம்தான்," என்பாள். அந்த அம்மா, தாம் கண் மூடும்வரை, ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது மூன்று பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சாப்பாடு போட்டுவந்தார். ஆகவே நானும் மறுத்துப் பேசுவதில்லை.