வாலடி கறுத்த புறா

ஜெய்னுலாப்தீன் கடையில் கோழி வாங்கப் போனால் கோழியோடு மட்டும் திரும்பி வர முடியாது. அதன் வம்சாவளியையும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 1955இல் தொண்டியிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்து அபர்டீன் பஜாரில் கறிக்கடை போட்டவர். பறவையைக் கையில் எடுத்ததுமே எந்தத் தீவுப் பறவை என்று சொல்லிவிடுவார். நம்பாவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்துக்குப் பெரும்பாலும் காரணம் காட்டுப் புறாதான். பச்சை முதுகும் நல்ல கனமும் உள்ள பெரிய புறா. அந்தமான் காட்டிலும் உண்டு. நிக்கோபாரிலிருந்து கப்பல்காரர்களும் கொண்டுவருவார்கள். அந்தமான் புறாவுக்கு வாலடி செங்கல் நிறம், நிக்கோபார்க்காரனுக்குக் கறுத்த தவிட்டு நிறம். "ரெண்டும் வேற வேற ஜாதி" என்று பதினோரு வருஷம் கத்தினார். "சப் ஏக் ஹி ஹை, எல்லாம் ஒண்ணுதான் பாய். குழம்புல வாலா மிதக்கப்போவுது?" என்று பஜார் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரனான எனக்கும் பங்கு உண்டு, வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

1966இல் மெட்ராஸிலிருந்து ராஜமாணிக்கம் என்ற பறவை ஆராய்ச்சியாளர் வந்தார். இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டுக் கடைக்கே வந்து, ரெண்டு தீவுப் புறாவின் ரத்தமும் வேண்டும் என்றார். அதை ஒரு கூழ்மேல் வைத்து கரண்ட் விட்டால் உள்ளே இருக்கும் புரதங்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு இடத்தில் கோடாக நிற்குமாம்.

"ரொம்ப நெருங்கின சொந்தம்னா கோடெல்லாம் ஒரே இடத்துல நிக்கும், பாய். ஒரே கூட்டம் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாப் பிரிஞ்சு, ஆயிரக்கணக்கான வருஷம் கலக்காம இருந்தா, கோடு தள்ளி நிக்கலாம்."

ஜெய்னுலாப்தீன் கத்தியோடு எழுந்தேவிட்டார். "அரே! அப்ப நான் சொன்னது நெசமா பொய்யான்னு மெஷினே சொல்லிருமா சார்?"

அந்தமான் புறா மூன்றின் ரத்தம் சுலபமாகக் கிடைத்தது. நிக்கோபாரில் கப்பலேற்றிய நான்கில் மூன்று வழியிலேயே செத்துப்போக, ஒன்றுதான் உயிரோடு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறங்கிக் கடைக்கு வந்தது. அன்று பதினோரு மணிக்கு ராஜமாணிக்கத்துக்கு மெயின்லேண்டு கப்பல். பத்து மணிக்குக் குப்பிகளோடு கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பத்து ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது புறாவின் கழுத்து தொங்கியது. தானாகச் செத்தால் ஹராம், தின்னக் கூடாது. உயிர் இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். சாகப்போகிற பறவையைக் கண்டால் அவர் கை யாரையும் கேட்காது. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்து, நன்றாக வடியட்டும் என்று தலைகீழாகப் பிடித்தார். ரத்தமெல்லாம் மரத்தூளில் இறங்கியது.

அவர் மனைவி ஜன்னத் பீவி டீ ஃபிளாஸ்க்கோடு வந்தவள் அலறினாள். "ஏங்க! அந்த ரத்தத்தைத்தானே சார் கேட்டாரு!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலேயே வந்த ராஜமாணிக்கம் மரத்தூளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு பாய். தூள்ல விழுந்தது உதவாது."

பாவமாக இருந்தது. திடீரென்று ஜெய்னுலாப்தீன் கத்தியைக் கழுவித் துடைத்தார். "சார், எவ்வளவு வடிச்சாலும் நெஞ்சுக்குள்ள கொஞ்சம் நிக்கும். தினம் பாக்குறேன். எத்தனை சொட்டு வேணும்?"

"நாலு சொட்டு போதும்! உறையறதுக்குள்ள, சீக்கிரம்!"

நெஞ்சைக் கீறினார். கோழி அறுக்கையில் ஊரைக் கூட்டும் மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. இதயத்தை நுனிவிரலால் அழுத்த, கருஞ்சிவப்பாகக் குப்பிக்குள் விழுந்தது. ஒன்று, இரண்டு... ஆறு! ஜன்னத் பீவி டீயைக் கொட்டி ஃபிளாஸ்க்கைக் கழுவினாள். மீன்காரரிடம் ஐஸ் வாங்க நான்தான் ஓடினேன், வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கப்பல் கிளம்ப அரைமணி இருக்கும்போது ஃபிளாஸ்க் ஏறிவிட்டது.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஜன்னத் பீவி கடைவாசலில் நின்று படித்தாள். 'மற்றக் கோடுகள் பொருந்துகின்றன. ஒன்று மட்டும் தள்ளி நிற்கிறது. நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம், பாய்.' அதை ஐந்து முறை படிக்கச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. ஆறாவது முறை கேட்டபோது அவள் தயங்கித் தயங்கி அடுத்த வரிக்குப் போனாள். 'ஆனால் ஒரே நிக்கோபார் பறவையை வைத்து முடிவு சொல்ல முடியாது. இன்னும் பத்துப் பறவையாவது வேண்டும். கிடைக்குமா?'

அவர் வெடிப்பார் என்று எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம். அவர் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் அந்தக் கடைசி வரியைத் தேடினார்.

"புள்ள, என்கிட்டயா கேட்டிருக்காரு?"

"உங்ககிட்டதாங்க."

கடையை அப்படியே போட்டுவிட்டு, ரத்தக்கறை சட்டையோடு, நிக்கோபார் கப்பலுக்குப் பாஸ் கேட்கக் கிளம்பிவிட்டார்.